படகறையின் இரண்டு ஓட்டைகள்

மலை ஏரியில் ஒரு பழைய படகு. அதுதான் பர்வதம்மாளின் மடம். தியானத்துக்கென்று அதில் ஒரே ஒரு சின்ன அறை. குளிருக்கு உள்ளே கரிக் கணப்பு உண்டு. அறைச் சுவரில் தரையோரம் ஒன்று, கூரையோரம் ஒன்று என இரண்டு ஓட்டைகளைப் பர்வதம்மாளே ரம்பம் பிடித்து அறுத்து வைத்திருந்தார்.

அன்று காலை ஏகாம்பரம் மூன்று நாள் மௌன விரதம் என்று அந்த அறைக்குள் போனார். அவருக்குக் குளிரக் கூடாதே என்று மருதப்பன் இரண்டு ஓட்டைகளிலும் கம்பளித் துணியைத் திணித்து அடைத்தார். மருதப்பன் மூத்த சீடர், வயதில் பர்வதம்மாளைவிடப் பெரியவர். செய்ததெல்லாம் அக்கறையில்தான். அந்த அக்கறையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மதியம் பர்வதம்மாள் சந்தையிலிருந்து திரும்பியபோது, அறையின் கண்ணாடிக்கு வெளியே சீடர்கள் நாலு பேரும் கைகூப்பி நின்றிருந்தார்கள். உள்ளே ஏகாம்பரம் பலகையில் சாய்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது.

"சத்தம் போடாதீங்கம்மா," என்றார் மருதப்பன். "சமாதி கூடியிருக்கு. அரை மணி நேரமா அசையலை. முகத்தைப் பாருங்க, என்ன சிவப்பு!"

பர்வதம்மாள் காய்கறிப் பையை அப்படியே போட்டுவிட்டுக் கதவை எட்டி உதைத்தார். தாழ்ப்பாள் தெறித்தது.

"காலைப் பிடிங்கய்யா! என்ன வேடிக்கை?"

மேல்தளத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏகாம்பரம் இருமினார், வாந்தி எடுத்தார். "தலை வெடிக்குது," என்று முனகினார்.

மருதப்பனுக்குப் பொறுக்கவில்லை. "விரதத்தைக் கலைச்சுட்டீங்களே அம்மா! உள்ளே துளி புகை இல்லை, வாடைகூட இல்லை."

"நெருப்புக்கும் காத்து வேணும். பத்தலைன்னா விஷத்தைக் கக்கும். அதுக்கு வாடை கிடையாது. ஓட்டையை அடைச்சது யாரு?"

"நான்தான். குளிருமேன்னு..."

பர்வதம்மாள் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "தலை வலிச்சப்பவே கூப்பிட்டிருக்கலாமே?"

"மௌனத்துல இருந்தேன்," என்றார் ஏகாம்பரம் ஈனசுரத்தில்.

"நல்லா இருக்கு உங்க பக்தி! ஒரு மனுஷன் செத்துக்கிட்டிருக்கான், நாலு பேர் நின்னு கும்பிடறீங்க!"

அறைக்குள் போய்க் கம்பளித் துணிகளைப் பிடுங்கி மருதப்பனின் காலடியில் எறிந்தார். மருதப்பன் குனிந்து துணிகளைப் பொறுக்கினார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அம்மா, நாளைக்கே ஒருத்தருக்கு நிஜமாவே சமாதி கூடினா? அதையும் இதையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?"

"எதுக்குப் பார்க்கணும்? முதல்ல கதவைத் திறங்க. திறந்தா கலையிற சமாதி கலைஞ்சே போகட்டும்."