இறுக்கிப் பின்னிய குல்லா

“குல்லாவுக்குள்ள பாப்பா தலை போகாது போலிருக்கே தங்கச்சி,” என்றான் இருதயராஜ்.

சபுரா வாங்கிப் பார்த்தாள். அவளுடைய இரண்டு விரல்கூட அதற்குள் நுழையவில்லை.

“ஏண்ணே இப்படி இறுக்கினீங்க?”

“பின்னல் கண்ணி நழுவிடக் கூடாதுன்னுதான்.”

குறைமாதக் குழந்தைகளின் வார்டு அது. சபுராவுக்கு இருபத்திரண்டு வயது. நாற்பது நாளாக அங்கேதான் இருந்தாள். வார்டுக் கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மகனைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, அவன் முதுகுக்கு மேலே ஊசிகளை ஓட்டி உல்லன் குல்லா பின்னுவாள்.

இருதயராஜ் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். மகள் பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. எடை ஒரு கிலோ நூறு கிராம். மனைவி லூர்து ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சலோடு மாடியில் கிடந்தாள்.

நர்ஸ் தினமும் கூப்பிட்டாள். “அப்பா வாங்க. சட்டையைக் கழட்டிட்டுப் பாப்பாவை நெஞ்சுல போட்டுக்கங்க. அந்தச் சூடு அவளுக்கு வேணும்.”

அவன் ஒருநாள் குளிக்கவில்லை என்றான். ஒருநாள் மருந்து வாங்கப் போகணும் என்றான். மூன்றாம் நாள் சபுராவிடம் வந்து, “எனக்கும் குல்லா பின்னச் சொல்லிக்கொடும்மா,” என்றான்.

அதையாவது செய்யலாம் என்று நினைத்தான்.

“இப்போ தளர்வா பின்னுங்க,” என்றாள் சபுரா.

இரண்டாவது குல்லா வளரவேயில்லை. ஒவ்வொரு கண்ணிக்கும் நிறுத்தி, முதலிலிருந்து எண்ணினான். உள்ளே குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் மெஷின் ஏதாவது கூவினால் எண்ணிக்கை தப்பும். எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி தொடங்குவான்.

எட்டாம் நாள் மதியம் கூவியது அவன் மகளுடைய மெஷின்.

நர்ஸ் ஓடினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் நின்றான். குழந்தையின் வயிறு அசையவில்லை. நர்ஸ் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். இன்னொரு முறை சுண்டினாள். வயிறு ஏறியது.

பெஞ்சுக்குத் திரும்பியவன் ஊசிகளைக் கையில் எடுத்தான். ஒரு கண்ணி நழுவியது.

“போச்சு! போச்சு!” நூலைப் பிடித்து இழுத்தான்.

“இழுக்காதீங்க.”

சபுரா அவன் கையைத் தள்ளிவிட்டு, இரண்டு ஊசிகளையும் உருவினாள்.

“ஐயோ, என்னம்மா பண்றே!”

“கைய எடுத்துட்டுப் பாருங்க.”

பார்த்தான். எந்த ஊசியும் இல்லாமல் கண்ணிகள் வரிசையாக நின்றன. நழுவிய கண்ணியும் அதன் இடத்திலேயே இருந்தது.

“விழலையே.”

“அதுபாட்டுக்கு நிக்கும். பயந்துபோய் இழுத்தாத்தான் அவிழும்.”

அவன் ஒரு விரலால் அந்தக் கண்ணியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“என் கை பட்டு அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

சபுரா மகனின் முதுகுத் துணியைச் சரிசெய்தாள்.

“எனக்கு இவனுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சுண்ணே. பதினோரு நாள்தான் உசுரோட இருந்துச்சு. பயந்துக்கிட்டு நான் ஒரு தடவைகூடத் தூக்கலை.”

இருதயராஜ் எழுந்தான். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். போதாதென்று இன்னொரு தடவை கழுவினான். சட்டையைக் கழற்றினான்.

நர்ஸ் குழந்தையை அவன் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, அவன் கையை எடுத்து அதன் முதுகில் வைத்தாள். முதுகு முழுவதும் அந்த ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. தோலுக்கு அடியில் எலும்பு தெரிந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். உடம்பு கல்லாகிவிட்டது.

பின்னாலேயே உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சபுராவின் குரல் வந்தது.

“மூச்சை அடக்காதீங்கண்ணே. நீங்க விட்டாத்தான் அதைக் கேட்டு அவளும் விடுவா.”