நிறுவி ஏன் ஊரைக் கேட்கிறது

அந்தக் காலத்தில் கோழிக்கும் பேச்சு இருந்தது, கணினிக்கும் பேச்சு இருந்தது. புதுக் கணினிக்குள் முதலில் நுழைந்து, அதன் இயங்குதளத்தை அமைத்துக் கொடுத்துவிட்டு வெளியேறும் நிரலுக்கு நிறுவி என்று பெயர். அது ஒரு பென் டிரைவில் ஏறி ஊர் ஊராகச் சென்றுவரும். சென்ற இடத்தில் மொழியை மட்டும் கேட்கும். அந்த ஒரு விடையைக் கொண்டே ஊர், கடிகாரம், நாணயம், தேதி எழுதும் முறை, வெப்பத்தை அளக்கும் அலகு ஆகிய அனைத்தையும் தானே முடிவு செய்துவிடும். ஒரே கேள்வியில் வேலையை முடிப்பவன் என்பதில் அதற்குப் பெருமை.

உடுமலைக்குத் தெற்கே, ஒரு தென்னந்தோப்பின் நடுவில், துளசிமணி நாட்டுக்கோழி வளர்த்துவந்தாள். முட்டைகளைப் பொரிக்க வைக்க அவளிடம் ஓர் இன்குபேட்டர் பெட்டி இருந்தது. அதைக் கவனித்துக்கொண்ட பழைய கணினி இடி விழுந்து போய்விட்டதால், புதியதொன்றை வாங்கிவந்து பெட்டியோடு இணைத்தாள். முட்டைகள் பொரிய இரண்டொரு நாளே இருந்த சமயம் அது. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கியிருந்தன.

நிறுவி வந்து மொழியைக் கேட்டது. பட்டியலின் தலையில் ஆங்கிலம் நின்றது. துளசிமணி பேசுவது தமிழ், படிப்பது தமிழ், கோழிகளைத் திட்டுவதும் தமிழில்தான். ஆயினும் ஏ.டி.எம். ஆனாலும் கைபேசி ஆனாலும் அவள் விரல் போய் நிற்பது ஆங்கிலத்தின் மேல். இயந்திரம் என்றால் ஆங்கிலம் என்பது கைக்குப் படிந்துவிட்ட பழக்கம். நம்மில் பலருக்கும் உள்ளதுதான். அவள் ஆங்கிலத்தைத் தொட்டாள்.

'ஆங்கிலம் பேசுகிறவர், ஆகவே அமெரிக்காவில் இருக்கிறார்' என்று நிறுவி முடிவு செய்தது. அதற்கேற்ப எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, பென் டிரைவுக்குத் திரும்பிக் கண்ணயர்ந்தது. துளசிமணி வழக்கம்போல் வெப்பத்துக்கு முப்பத்தேழரை என்று எண்ணைத் தட்டிவிட்டு, கோழிகளுக்குக் கம்பு வைக்கப் போனாள்.

பெட்டியருகே எப்போதும் ஒரு பொறிப்பெட்டை, அதாவது புள்ளி இறகுக் கோழி, படுத்திருக்கும். உள்ளே இருந்த முட்டைகளில் சில அது இட்டவை. வெயில் ஏறிய நேரத்தில் அது பெட்டியின் கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தது. பிறகு கணினியைக் கூப்பிட்டது.

"ஏனுங்க, பெட்டி ஏன் சில்லுனு இருக்குது?"

"சில்லென்றா இருக்கிறது? முப்பத்தேழரை போதும் என்றார்கள். இங்கே எண்பது இருக்கிறது. நானே விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றது கணினி.

"எண்பதுன்னா முட்டை வெந்தே போயிருக்குமுங்க."

"இது பாரன்ஹீட் எண்பது. எங்கள் ஊரில் அப்படித்தான் அளப்பது."

"உங்க ஊரு எதுங்க?"

"அமெரிக்கா. இப்போது நள்ளிரவு. நீ ஏன் இன்னும் தூங்கவில்லை?"

பெட்டை கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தது. களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. "நடுராத்திரியில எங்க ஊர்ல கொப்பரை காயுதுங்க" என்றது.

"எனக்குக் கண் கிடையாது. நிறுவி சொன்னதுதான் எனக்கு ஊர்" என்றது கணினி.

பெட்டை மறுபடியும் கண்ணாடியில் காதை வைத்தது. காலையில் கலகலவென்று கேட்ட கீச்சொலி மெலிந்து, விட்டு விட்டுக் கேட்டது. அதற்குமேல் அது வாதாடவில்லை. களத்துக்கு ஓடியது.

"துளசிக்கா, முட்டையெல்லாம் சில்லிட்டுப் போச்சுங்க. பெட்டி அமெரிக்காவுல இருக்குதாமா."

"காலையில இங்கதானே வெச்சேன்? அதுக்குள்ள எப்படி அங்க போச்சு?" என்று சிரித்தபடி கேட்டுக்கொண்டே, கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்த துளசிமணி எழுந்துவந்தாள். பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

"அடைக்கோழி எல்லாத்தையும் கூப்பிடு அம்மிணி" என்றாள்.

வைக்கோலைப் பரப்பி முட்டைகளைப் பிரித்து வைத்தாள். கோழிகள் வந்து, இறகை விரித்து, ஆளுக்கொரு பங்கை வயிற்றுக்கடியில் வாங்கிக்கொண்டன. சேவலும் வந்து, "நானும் உட்காரட்டுமா?" என்று கேட்டது.

"நீங்க கூவாம இருந்தாப் போதும். குஞ்சு சத்தம் எங்களுக்குக் கேக்கோணும்" என்றது பொறிப்பெட்டை.

அதன் பிறகு துளசிமணி பென் டிரைவைத் தட்டி நிறுவியை எழுப்பினாள். "யாரைக் கேட்டு என்னை அமெரிக்காவுக்கு அனுப்புனே?"

"நீங்கள்தான் ஆங்கிலம் என்றீர்கள்" என்றது நிறுவி.

"பேச்சைச் சொன்னேன். இருக்கற எடத்தை நீ கேக்கவே இல்லியே."

நிறுவி வைக்கோலில் பரவிக் கிடந்த கோழிகளின் முனகலைக் கேட்டது. நடந்தது என்னவென்று கணினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அதன் குரல் தணிந்தது. "தவறுதான். இனி ஒன்று செய்கிறேன். தமிழ் என்று யார் சொன்னாலும் நேராக உடுமலை என்று வைத்துவிடுகிறேன்."

"எங்க நாத்தனா மலேசியாவுல, ஈப்போவுல இருக்கறா. அவளுந்தான் தமிழு. அவ கடிகாரத்தை ரெண்டரை மணி நேரம் பின்னாடி இழுத்துட்டு வந்து இங்க உக்கார வெப்பியா?"

நிறுவி தன் பட்டியலை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தது. பிறகு, "ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் நானே ஊகித்துக்கொண்டேன்" என்றது. அதில் பொய்யில்லை, துளசிமணிக்கே அவ்வளவு பொறுமை கிடையாது.

பொறிப்பெட்டை அசையாமல் இருந்தபடியே பேசியது. "அடையில இருந்து எந்திரிச்சுப் போயிட்டு வந்தா, முட்டை சூடாத்தான் இருக்கும்னு நாங்களும் நெனச்சுக்கறோம். ஆனா அலகுல தொட்டு, பொரட்டிப் பாத்துட்டுத்தான் உக்காருவோம். நெனச்சுக்கறது தப்பில்லீங்க. தொட்டுப் பாக்காமப் போறதுதான் தப்பு."

நிறுவி அதை யோசித்தது. பின்னர் தன் வாழ்நாளில் முதன்முறையாக இரண்டாவது கேள்வியைக் கேட்டது. "உங்கள் ஊர் எது?"

"உடுமலை."

"என் பட்டியலில் இந்தியா முழுமைக்கும் ஒரே கடிகாரம். அதன் பெயர் கொல்கத்தா. வைக்கட்டுமா?"

"கொல்கத்தாவா?"

"அங்கே என்ன மணியோ இங்கேயும் அதே மணிதான்."

"அமெரிக்காவுக்கு அது எவ்வளவோ பக்கம். வெச்சுக்கோ" என்றாள் துளசிமணி.

தேதியில் மாதத்துக்கு முன்னே நாளை எழுதட்டுமா, வெப்பத்தைச் செல்சியஸில் அளக்கட்டுமா என்று தன் ஊகத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அவள் தலையசைத்த பிறகே நிறுவி மேலே சென்றது. முப்பத்தேழரை என்ற அதே எண் இப்போது சரியான பொருளைப் பெற்றது. பெட்டிக்குள் சூடு ஏறியது. கோழிகளின் அடியிலிருந்த முட்டைகள் பெட்டிக்குத் திரும்பின.

குறித்த நாளில் ஓடுகள் விரியத் தொடங்கின. பெட்டி நிறைய ஈரக்குஞ்சுகள் தடுமாறி எழுந்தன. ஒரு முட்டை மட்டும் பொழுது சாயும்வரை அசையவில்லை. துளசிமணி அதை எடுத்துப் பொறிப்பெட்டையின் அடியில் வைத்தாள். விளக்கேற்றும் நேரத்தில் பெட்டையின் இறகுக்குள்ளிருந்து ஒரு சின்னஞ்சிறு தலை எட்டிப் பார்த்தது. சேவல் அதுவரை அடக்கிவைத்திருந்த கூவலையெல்லாம் சேர்த்துக் கூவியது. "இப்ப மணி என்னன்னு அவருக்குத்தான் தெரியல" என்றது பெட்டை. கணினி சரியான நேரத்தைச் சொன்னது.

பென் டிரைவில் ஏறிப் போன நிறுவி, தான் கண்டதை மற்ற நிறுவிகளுக்கெல்லாம் சொல்லிவைத்தது. அன்று முதல்தான் நிறுவிகள் மொழியைக் கேட்டதோடு நிற்காமல் ஊரையும் தனியே கேட்கின்றன. தம் ஊகத்தை நம் முன்னே எடுத்துவைத்துவிட்டு, நாம் 'அடுத்து' என்பதை அழுத்தும்வரை, அடையில் உட்கார்ந்த கோழியைப்போல அசையாமல் காத்திருக்கின்றன.