தலைவர் தேர்ந்தெடுத்த படம்

நாகர்கோவிலில் நர்ஸ் வேலை பார்த்த ரோஸ்லின், தன் முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவை வாங்கக் கடைக்குப் போனாள். இரண்டு கம்பெனி கேமராக்களைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்று அவள் கைக்குப் பாந்தமாக இருந்தது.

அங்கே நின்றிருந்த புகைப்படச் சங்கத் தலைவர் தாணுமாலயன் குறுக்கிட்டார். "அதைக் கீழே வைம்மா. என் கையிலிருக்கிற கம்பெனிதான் கேமரா. அது பொம்மை. அதோட வந்தா சங்கத்துல சேக்க மாட்டேன்."

"அதுல எடுத்த படம் நல்லாருக்குன்னு நீங்களே சொல்லிட்டா?"

"என் வாயால அது வராது. வந்தா சேத்துக்கிடுதேன்."

ரோஸ்லின் முதலில் அவருடைய கம்பெனி கேமராவை எடுத்து, அசையாமல் நிற்கச் சொன்னாள். அவரும் விறைப்பாக நின்றார்; ஒரு படம் எடுத்தாள். அடுத்து, அவர் பொம்மை என்றதைக் கையில் எடுத்ததும், "நீங்க முதமுதல்ல எடுத்த படம் எப்படி சார் வந்துது?" என்று கேட்டாள்.

"கல்யாண வீட்டுல ஒருத்தருக்கும் தலையே விழல" என்று சொல்லி அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நொடியில் படம் பிடித்தாள்.

கடைக்காரர் இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று கவனிக்காத தலைவர், தான் சிரிக்கும் படத்தை உயர்த்திப் பிடித்தார். "பாத்தியா, முகத்துல என்ன களை. இதுதான் எங்க கம்பெனி."

"அது பொம்மையில எடுத்தது சார்."

கடைக்காரர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ என்னைச் சிரிக்க வச்சுல்லா எடுத்தே?" என்றார் தலைவர்.

"ஆமா சார். எந்தக் கம்பெனி கேமராவும் அதைச் செய்யாதே."

"ஞாயித்துக்கிழமை சங்கத்துக்கு வந்துரும்மா" என்றவர், படத்தைக் கசங்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.