நாற்பது விநாடி

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினோரு மென்பொருள் எழுதியவர் சேர்மராஜ். அதையெல்லாம் மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் வித்தையை மட்டும் பிரிவின் தலைவி இசக்கியம்மாளிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை சேர்மராஜ் ஓர் அறிக்கையோடு வந்தார். நான்காம் வார்டு நர்ஸ் ஜெபக்கனி பொய்யாகப் பதிகிறாராம். மருந்து கொடுத்த கையோடு கணினியில் ஏற்ற வேண்டும் என்பது விதி. இந்தம்மாவோ முந்தின நாள் காலை முழுக்கக் கொடுத்த நாற்பத்திரண்டு மருந்தையும் மதியம் ஒன்றே முக்காலுக்கு மொத்தமாக ஏற்றியிருந்தார். இசக்கியம்மாள் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே மெமோ. இரண்டாவது மெமோ என்பதால் ஒப்பந்த வேலை போய்விடும்.

"ஒழுங்காப் பயன்படுத்தாதவங்களை எப்படி மேடம் திருத்துறது?"

இசக்கியம்மாள் அறிக்கையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நான்காம் வார்டுக்கு நடந்தார். என்ன செய்யப்போகிறார் என்று புரியாமல் சீடரும் பின்னாலேயே போனார்.

வார்டில் ஸ்டாண்டு பற்றாக்குறை. ஒரு நோயாளிக்கு ஊசி போட்டு முடித்த ஜெபக்கனி, அவருடைய குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். கூட வந்த ஆள் டீ வாங்கப் போயிருந்தார். இசக்கியம்மாள் கேட்டுக்கொண்டதும் பாட்டில் சேர்மராஜ் கைக்கு மாறியது. பக்கத்தில் சக்கர மேஜையில் கணினி இருந்தது.

"சிஸ்டர் போட்ட ஊசியைப் பயிற்சிப் பக்கத்துல பதியுங்க சார்."

அவருக்கென்ன, அவர் எழுதிய மென்பொருள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் குறியீடும் கட்டாயம் என்று வைத்ததும் அவர்தான். ஒற்றைக் கையால் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த விரலை நீட்டினார். மற்றத் தோள் சரிந்து பாட்டில் தாழ்ந்தது.

"ஐயா, குழாயில ரத்தம் ஏறுது," என்றார் படுத்திருந்தவர்.

பதறிப்போய் பாட்டிலை உயர்த்தினார். குழாய் தெளிவதற்குள் திரை பூட்டிக்கொண்டது. முப்பது விநாடி சும்மா இருந்தால் அப்படித்தான்; அதுவும் அவர் வைத்த விதி. இரண்டாம் தடவையும் அதே கதி. மூன்றாம் தடவை ஐந்தாம் படுக்கையிலிருந்து யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட, இவர் திரும்பிப் பார்த்துத் தொலைத்தார்.

ஜெபக்கனி தன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியில் மருந்தின் பெயரையும் 10.20 என்று நேரத்தையும் எழுதிக்கொண்டு ஐந்தாம் படுக்கைக்கு ஓடினார். அதில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு வரிகள் இருந்தன. அது எதற்கு என்று சேர்மராஜ் கேட்டார். ஷிப்டு முடியும்போது அதைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றுவார் என்று இசக்கியம்மாள் சொன்னார். சேர்மராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டீ வாங்கப் போனவர் வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

"நம்ம அறையில சோதிச்சுப் பாத்தீங்களே, அப்ப எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

"நாப்பது விநாடி, மேடம்."

அவர் அறிக்கையைப் பிரித்துச் சேர்மராஜிடமே நீட்டினார்.

"அப்ப பாட்டிலை யாரு பிடிச்சிருந்தாங்கன்னு இதுல எழுதிக் கொண்டாங்க சார். கையெழுத்துப் போடுறேன்."