எல்லாக் கவருக்கும் ஒரே முத்திரை

"அம்மா, நான் ஊருக்குப் போறேன். நாளைக் காலைல பஸ்."

வெயில்முத்து வந்து நின்றபோது அம்பலத்தம்மை கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த மலையடிவார மடத்துக்கு அவர்தான் தலைவி. சீடரான வெயில்முத்துவைவிட வயதில் நன்றாகவே இளையவர்.

"போங்களேன். என்ன விசேஷம்?"

"மெஷின் என்னைத் தோக்கடிச்சிட்டுது."

வெயில்முத்து சிவகாசியில் அச்சு இயந்திரங்கள் வடிவமைத்துப் பேர் வாங்கியவர். வேலையெல்லாம் போதும் என்று ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். வந்த இடத்தில் ஞானம் கிடைத்ததோ இல்லையோ, வேலை கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மடத்திலிருந்து பக்தர்களுக்குப் பிரசாதம் தபாலில் போகும். கேட்டவர்களுக்குக் கேட்டது. ஒரு கவரில் வெறும் பதில் கடிதம். ஒன்றில் திருநீற்றுப் பொட்டலம். ஒன்றில் உருத்திராட்சம். எல்லாவற்றின் மேலும் தபால்தலைக்குப் பதிலாக, தபாலாபீஸ் அனுமதித்த மடத்து முத்திரை விழவேண்டும். முத்திரை கலங்கியிருந்தால் தபாலாபீஸில் வாங்கமாட்டார்கள்.

அந்த முத்திரையை மரக்கட்டையால் குத்திக் குத்தியே, மடத்தில் தபால் வேலை பார்க்கும் சொர்ணத்துக்கு மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. "அடுத்த பௌர்ணமிக்கு நீ கட்டையைத் தொடவேண்டாம், தாயி" என்று வெயில்முத்து அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முத்திரை குத்த ஒரு மெஷினும் செய்துபார்த்தார்; சரிவரவில்லை. பௌர்ணமி நெருங்கிவிட்டது. சொர்ணத்தின் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு, இரண்டு நாளாகக் கொல்லை வழியாகவே போய்வந்துகொண்டிருந்தார்.

"மெஷின் என்ன செய்யுது?" என்றார் அம்மை.

"கவர் உள்ள வந்ததும் இரும்பு விரல் ஒண்ணு தொட்டுத் தடிமன் பாக்கும். அதுக்குத் தக்கன அச்சுத்தலை ஏறும், இறங்கும்."

"கேக்கவே அருமையா இருக்கே!"

"கேக்க நல்லாத்தான் இருக்கும். வெறுங்கடுதாசி வந்தா தலை எட்டமாட்டேங்குது. உத்திராட்சம் வந்தா நச்சுன்னு நசுக்கிடுது. திருநீறு வந்தா பொட்டலம் ஒடைஞ்சு கவருக்கே பூசிவிட்டுடுது."

"கவருக்கும் கொஞ்சம் பக்தி வேணும்ல?" அம்மை விழுந்து விழுந்து சிரித்தார்.

வெயில்முத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஒரு கவர் முழுக்க ஒரே தடிமனா இருந்தாலாவது பரவாயில்லம்மா. ஒரு ஓரத்துல உத்திராட்சம், மறு ஓரத்துல ஒண்ணுமில்ல. விரல் தொட்டுப்பாத்துத் தலைக்குச் சேதி சொல்லுறதுக்குள்ள கவர் நகந்துபோயிடுது."

"இன்னும் ரெண்டு விரல் வச்சுப் பாருங்களேன்."

"வச்சாச்சு. ரெண்டும் ரெண்டு விதமாச் சொல்லுது."

அம்மை பூவாளியைக் கீழே வைத்தார்.

"சரி, போய்ட்டு வாங்க. ஆனா பஸ் ஏறுமுன்ன ஒரு உபகாரம் பண்ணுங்க. காலைல பூசை முடிஞ்சதும் என் எடத்துல உக்காந்து, வர்றவங்களுக்குத் திருநீறு வச்சுவிடுங்க."

"நானா?"

"கை இருக்குல்ல?"

அந்த மடத்தில் வழக்கம் என்னவென்றால், அம்மை உயரமான பலகையில் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் வரிசையாக வந்து முன்னால் நிற்பார்கள். கட்டைவிரலால் நெற்றியில் ஒரு அழுத்து. அவ்வளவுதான்.

மறுநாள் காலை வெயில்முத்து மஞ்சள் பையைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கட்டைவிரலில் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார்.

முதலில் ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்ல நெட்டை. வெயில்முத்து நெற்றியை ஒரு பார்வையில் அளந்துகொண்டு, எம்பிக் கையை உயர்த்தினார். அதே நேரம் போலீஸ்காரர் பணிவாகக் குனிந்தார். திருநீறு உச்சந்தலை முடியில் போய் அப்பிக்கொண்டது.

அடுத்து சொர்ணம், மணிக்கட்டில் துணிக்கட்டோடு. அவள் குள்ளம். வெயில்முத்து கையைத் தாழ்த்தினார். அவளோ நுனிக்காலில் எம்பினாள். திருநீறு மூக்கில் விழுந்தது.

சொர்ணம் போட்ட தும்மலில் தட்டிலிருந்த திருநீறு பாதி பறந்தது. வரிசையே சிரித்தது. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்கடுத்து ஒரு கைக்குழந்தை. அதன் காதில்.

"எழும்புங்க ஐயா, போதும்." அம்மை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

வெயில்முத்து தப்பித்தோம் என்று இறங்கினார். அம்மை உட்கார்ந்து, திருநீற்றைத் தொட்டு, கையை முன்னால் நீட்டி அசையாமல் வைத்துக்கொண்டார். வரிசையைக்கூடப் பார்க்கவில்லை. வெயில்முத்துவின் பக்கம் திரும்பிப் பேச்சுக் கொடுத்தார்.

"சிவகாசில இப்ப மழை உண்டுமா?"

வெயில்முத்து அம்மையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி வந்தார். குனிந்தார். நெற்றியில் திருநீறு அச்சாக விழுந்தது.

சொர்ணம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எம்பினாள். விழுந்தது.

தாய் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். விழுந்தது.

"உங்களைத்தான் ஐயா. மழை உண்டுமான்னு கேட்டேன்."

வெயில்முத்து அங்கே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடிக்கொண்டிருந்தார். பஸ் அவர் இல்லாமலேயே கிளம்பிப் போனது.

பொழுது சாயும் நேரத்தில் சொர்ணம் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, மெஷின்ல பாதியைக் காணோம்?"

"அந்தப் பாதிதான் தாயி சனியன்."

இரும்பு விரல்கள் ஒரு மூலையில் கிடந்தன. அச்சுத்தலை இனி ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. சட்டத்தோடு சேர்த்து நட்டுப் போட்டு முறுக்கியிருந்தார். கவர் படுக்கும் கீழ்ப்பலகையைத்தான் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தார்.

"மெலிசு தனியா, தடிசு தனியா அடுக்கித் தரட்டுமா?"

"எதுக்கு? வர்ற மாதிரி வரட்டும்."

சொர்ணம் ஒரு வெறுங்கடுதாசியை வைத்தாள். பலகைகள் அதைத் தூக்கி அச்சுத்தலையோடு ஒட்டின. முத்திரை பளிச்சென்று விழுந்தது.

திருநீற்றுக் கவர். பொட்டலம் உடையவில்லை.

உருத்திராட்சக் கவரை அவள் பயந்து பயந்துதான் வைத்தாள். உருத்திராட்சம் இருந்த பக்கத்துப் பலகை அதன் பாரத்துக்கு அமுங்கிக்கொடுத்தது. மற்றப் பலகைகள் தம் பக்கத்தை மேலே தூக்கிப் பிடித்தன. முத்திரையில் ஒரு எழுத்துகூடக் கலங்கவில்லை.

சொர்ணம் மரக்கட்டையை எடுத்து அடுப்படி விறகோடு போட்டுவிட்டு வந்தாள். வெயில்முத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கவரைத் தூக்கிக்கொண்டு அம்மையிடம் ஓடினார்.

"அம்மா! நீங்க காலைல சொல்லிக்குடுத்த பாடம் வேலை செஞ்சுட்டுது!"

"எந்தப் பாடம்?"

"என்னை உக்காரவச்சு, அப்புறம் நீங்க உக்காந்து..."

"அதுவா?" அம்மை சிரித்தார். "எனக்கு நல்ல பசி ஐயா. இட்லி ஆறிப்போகுமேன்னு உங்களை உக்காத்திட்டுப் போனேன்."

"அப்ப நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லிக்குடுக்கலையா?"

"நான் என் எடத்துலதான் இருந்தேன். நீங்கதான் எம்பினீங்க."