வண்டின் வாக்குமூலம்

கல்லூரிப் பூச்சிக்கூடத்தில் பெட்டி துடைக்கும் பூங்காவனம், வயலில் பிடித்துக் குப்பியில் அடைத்த பூச்சியைப் பற்றி நாலு வரி எழுதி நீட்டினாள். வண்டு என்று முடித்திருந்தாள்.

துறைத்தலைவர் ஆளவந்தார் தாளைப் படிக்கவே இல்லை, குப்பியைத்தான் பார்த்தார். "இறக்கையே இல்லை, இது எறும்பு! வண்டுன்னா அதையே சொல்லச் சொல்லு. இல்லேன்னா தாளைக் கிழிச்சுப் போடு."

"சொல்லிடும் ஐயா, மூடியைத் திறங்க."

திறந்தார். முதுகிலிருந்த, வண்டுக்கே உரிய குட்டை ஓட்டுக்குள் மடித்து வைத்திருந்த நீள இறக்கையை விரித்துப் பறந்த பூச்சி, அவர் கழுத்திலேயே உட்கார்ந்தது. அடிக்கக் கை ஓங்கினார்.

"எறும்புன்னா தாராளமா அடிங்க ஐயா. நான் எழுதின வண்டுன்னா, நசுக்கின இடம் வெந்து கொப்பளிக்கும். மூணாவது வரியில இருக்கு."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. "வண்டுதாம்மா! எடு, எடு!"

பூங்காவனம் பேனாவை நீட்டினாள். "முதல்ல தாள்ல கையெழுத்துப் போடுங்க ஐயா. கைதான் சும்மா நிக்குதே."