இரண்டாவது முறை வந்த மான்

ஏரிக்கரை நாவல் மரத்தடியில் விலங்குகளுக்கு ஒரு கல்லூரி நடந்தது. தொழில் தொடங்குவது எப்படி என்று அங்கே கற்றுக்கொடுத்தது ஒரு நாரை. கற்றுக்கொடுத்தது என்று சொன்னால் மற்ற வாத்தியார்கள் சிரிப்பார்கள். நாரை பாடமே நடத்தாது. மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரிக்கும். "போங்க, ஒரு தொழிலைச் செஞ்சு காட்டுங்க" என்று அனுப்பிவிட்டு ஒற்றைக் காலில் நின்றுகொள்ளும்.

விதி ஒன்றே ஒன்றுதான். பௌர்ணமிக்குள் ஐந்து பேர் இரண்டாவது முறையாகத் தேடி வந்திருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கணக்கில் சேர்த்தி இல்லை.

"முதல் தடவை உங்க முகத்துக்காக வருவாங்க. ரெண்டாவது தடவைதான் அவங்களுக்காக வருவாங்க" என்றது நாரை.

ஒரு குழுவில் துள்ளன் என்ற முயலும், ஈட்டி என்ற முள்ளம்பன்றியும், செதிலி என்ற அழுங்கும் இருந்தன. துள்ளனுக்கு வாய் ஓயாது. ஈட்டி நல்ல வேலைக்காரன்; நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். செதிலி இளம் தாய். அதன் வாலில் குட்டி எப்போதும் தொற்றிக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் கெட்டிச் செதில்தான். ஆனாலும் ஓர் இலை அசைந்தால் போதும், குட்டியை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடச் சுருண்டுவிடும்.

அது படிக்க வந்ததே பெரும்பாடு. பிள்ளை பெற்றவளுக்குப் பொந்துதான் கல்லூரி என்று மாமியார் சொல்லியிருந்தது. செதிலி கெஞ்சிக் கூத்தாடி, இந்த ஒரு பௌர்ணமி வரைக்கும் அனுமதி வாங்கியிருந்தது. குழு தேறினால் மேலே படிக்கலாம். தேறாவிட்டால் பொந்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நல்ல கோடை. துள்ளன் முதல் நாளே யோசனை சொல்லிவிட்டது: தாமரை இலைக் குடை. ஈட்டி தன் முள்ளையே ஊசியாக்கி இலைகளைத் தைத்தது. செதிலி தண்டு சீவிக் கொடுத்தது. குடைக்கு இரண்டு நெல்லிக்காய் விலை.

துள்ளன் கூவிக் கூவி விற்றது. மான் வாங்கியது, மந்தி வாங்கியது, மரநாய் வாங்கியது. இப்படி ஒரு குடையை இந்தக் காடே கண்டதில்லை என்றது மந்தி. இருபது குடையும் ஒரே நாளில் தீர்ந்தன.

"அக்கா, நாம தேறியாச்சு" என்று துள்ளன் குட்டிக்கரணம் போட்டது.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. குடை அவ்வளவு நன்றாக உழைக்கிறது, கிழிந்ததும் ஓடி வருவார்கள் என்று துள்ளன் சமாதானம் சொன்னது.

நான்காம் நாள் செதிலி கறையான் தேடிப் புதருக்குப் பின்னால் போனது. குடைகள் எல்லாம் அங்கே கிடந்தன. ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை. ஒருவரும் அவற்றைப் பிடித்துக்கொண்டு பத்து அடிகூட நடக்கவில்லை.

செதிலி அப்படியே திரும்பிவிட்டது. சொன்னால் துள்ளன் உடைந்துபோகும். சொல்லாவிட்டால் பொந்து. இரண்டு நாள் தவித்துவிட்டு, மூன்றாம் நாள் சுருண்ட பந்துக்குள்ளிருந்தே விஷயத்தைச் சொன்னது.

துள்ளனின் காதுகள் தொங்கிவிட்டன. "ரெண்டு நாளா தெரிஞ்சும் சும்மாவா இருந்தீங்க?"

"பயமா இருந்துச்சு."

"உங்களுக்கு எதுக்குத்தான் பயமில்ல?"

மூன்றும் நாரையிடம் போயின. இப்போதாவது விடை சொல்லும் என்று நம்பின. நாரை கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

"ஏன் போட்டாங்கன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?"

கேட்டால் மனம் நோகும்படி ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்றது துள்ளன். நோகட்டுமே என்றது நாரை. துள்ளன் தரையைப் பார்த்தது. ஈட்டி தன் முள்ளைப் பார்த்தது. பௌர்ணமிக்கு எட்டு நாள்தான் இருந்தது.

"நான் போறேன்" என்றது செதிலி.

மான் தன் குட்டியோடு நாணல் பக்கம் நின்றிருந்தது. செதிலி வாய் திறப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. குடையைப் பற்றிக் கேட்டதும், ரொம்ப அருமையான குடை என்று மானும் புகழ ஆரம்பித்தது.

"அப்ப ஏன் போட்டுட்டீங்க?"

மான் சற்றுத் தயங்கியது. பிறகு சிரித்துவிட்டது. "கோவிச்சுக்காதேம்மா. குடையை வாயில பிடிச்சா, தண்ணியை எதில குடிக்கிறது?"

செதிலிக்கும் சிரிப்பு வந்தது. மூன்று பேர் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டும் இது தோன்றவில்லையே!

"எனக்கு நிழலா குறைச்சல்? காடு பூரா நிழல்தான்" என்றது மான். பிறகு அதன் குரல் இறங்கியது. "குனிஞ்சு தண்ணி குடிக்கணும். குனிஞ்சா குட்டி கண்ணுக்குத் தெரியல. முதலை எந்தப் பக்கம் வருதுன்னும் தெரியல. இவன் பொறந்ததிலிருந்து நான் ஒரு நாள்கூட வயிறு நிறையத் தண்ணி குடிச்சதில்ல."

செதிலியின் கதையும் அதுதான். தினமும் கரையில் அரை நாழிகை நின்று, பயந்து பயந்து பார்த்துவிட்டு, இரண்டு மடக்கோடு ஓடிவந்துவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்து முதலையின் நடமாட்டம் முழுக்க அதற்கு மனப்பாடம். முதலை புறப்பட்டால் பாறையோரத் தவளைகள் முதலில் வாயடைத்துப்போகும். பிறகு நாணல் நுனியிலிருந்து தும்பிகள் எழும்பும். அதன் பிறகுதான் தண்ணீர் அசையும்.

மறுநாள் மாலை மூன்றும் புதுத் தொழிலோடு கரைக்கு வந்தன. அம்மாக்கள் தண்ணீர் குடிக்கும்வரை காவல். அதே இரண்டு நெல்லிக்காய். துள்ளன் தவளைச் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஈட்டி தண்ணீருக்கும் குட்டிகளுக்கும் நடுவே முள்ளை விரித்து நிற்க வேண்டும். செதிலி தும்பிகளைப் பார்க்க வேண்டும்.

மான் மட்டும் வந்தது. மற்றவர்கள் மரத்தின் மறைவிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். மான் தலையைக் குனிந்தது. ஒரு மடக்கு, இரண்டு மடக்கு, மூன்று மடக்கு.

தவளைச் சத்தம் நின்றது. துள்ளன் பின்னங்காலால் தரையைத் தட்டியது. தும்பிகள் எழும்பின.

"பின்னால வாங்க!" என்று கத்தியது செதிலி. அவ்வளவு பெரிய குரல் தனக்குள் இருந்தது அதற்கே தெரியாது. மான் பின்னால் பாய்ந்தது. மான்குட்டி திகைத்து நின்றது. செதிலி பாய்ந்து அதன் கால்களைச் சுற்றி வளைத்துக்கொண்டது. தண்ணீரைப் பிளந்து வந்த முதலை, ஈட்டியின் முட்கள் மூக்கில் ஏறியதும் உறுமிக்கொண்டு மூழ்கியது.

மறுநாள் மான் இரண்டாவது முறையாக வந்தது. கூடவே மந்தியும் மரநாயும் காட்டுக்கோழியும் வந்தன. ஏழு குட்டிகளை இழுத்துக்கொண்டு காட்டுப்பன்றி கடைசியாக வந்தது. செதிலியின் மாமியாரும் வந்தது. நிதானமாகக் குடித்தது. நாளைக்கும் இருப்பீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனது.

பௌர்ணமியன்று மாலை நாரை எண்ணிப் பார்த்தது. திரும்பி வந்தவர்கள் நான்கு பேர்தான். மாமியார் இரண்டு முறை வந்ததைத் துள்ளன் மெல்ல நினைவூட்டியது. நாரை வாய் திறப்பதற்குள் செதிலியே தலையாட்டி மறுத்தது. "அவங்க சொந்தம். சேர்த்தி இல்ல."

சொல்லிவிட்டு அது கரையைப் பார்த்தபடி நின்றது. வெயில் போய்க்கொண்டிருந்தது. அப்போது புதர் சரசரத்தது. பெரிய உருவம் ஒன்றும், அதன் பின்னால் ஏழு சின்ன உருவங்களும் வந்தன.

"அன்னிக்கு மாதிரி ஒழுங்கா பாத்துக்கணும். இதுங்க ஒரு இடத்தில நிக்காது" என்றது காட்டுப்பன்றி.

ஐந்து! துள்ளன் குதித்தது. நாரை முதல் முறையாக இரண்டு காலையும் ஊன்றி நின்றது.

எல்லோரும் போன பிறகு ஈட்டி செதிலியிடம் வந்தது. அன்றைக்கு அது பேசியது அவ்வளவுதான்:

"அக்கா, நீங்க குடிங்க. நான் பாத்துக்கறேன்."

செதிலி குட்டியை இறக்கி ஈட்டியின் பக்கத்தில் விட்டது. தலையைக் குனிந்தது. வயிறு நிறையும்வரை நிமிரவே இல்லை.

பாராட்டைக் கேட்டு மகிழ்கிறவரைவிட, பயத்தோடாவது போய்க் குறையைக் கேட்டு வருகிறவரின் தொழில்தான் நிலைக்கும்.